சாவியைத் திருப்பியதும் கீச்சிடும் பென்ஸ்

வாசகர் கேள்வி:

அண்ணா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பா விட்டுப்போன 1990ஆம் வருட மெர்சிடிஸ் 300 ஈ என்னிடம் இருக்கிறது. தானாகவே சூட்டைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏசி வைத்த கார். ஆறு மாதமாக டேஷ்போர்டுப் பக்கமிருந்து ‘கீஈச்’ என்று ஒரு சத்தம். காலையில் சாவியைத் திருப்பியதுமே, என்ஜின் ஓடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கால் மணி நேரம் ஓட்டினால் குறைகிறது. சில நாள் சத்தமே இருக்காது. கப்பிஹோலை (டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியை) ஒரு தட்டு தட்டினால் கொஞ்ச நேரம் அடங்கும். ஒரு கேரேஜில் பெல்ட்டை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. இன்னொரு இடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது, 18,000 ரேண்டு ஆகும் என்கிறார்கள். போன வருடம் ஏசியில் பழைய கேஸுக்குப் பதிலாகப் புதிய கேஸ் போட்டதுதான் காரணமாம். தைப்பூசத்துக்கு அம்மாவை இந்தக் காரில்தான் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஆசை. கம்ப்ரஸரை மாற்றிவிடட்டுமா?

பதில்:

தம்பி, மாற்ற வேண்டாம். அந்த 18,000 ரேண்டு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ‘என்ஜின் ஓடுவதற்கு முன்பே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று வார்த்தைதான் பதில். உங்கள் காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது என்ஜின். என்ஜினுக்கு முன்னால் பல வரிகள் உள்ள ஒரே பெல்ட் ஓடுகிறது. வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் அந்த ஒரு பெல்ட்டில்தான் தொங்குகின்றன. என்ஜின் நிற்கும்போது பெல்ட் நிற்கும், புல்லி நிற்கும், கம்ப்ரஸரும் நிற்கும். நிற்கிற பொருள் எப்படிக் கீச்சிடும்? பெல்ட்டை மாற்றியவரும் கம்ப்ரஸரை மாற்றச் சொல்பவரும் இந்த ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் பானட்டைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளி ஆசிரியை இதே மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்தார். ‘ஏசி கத்துகிறது’ என்றார். நான் எப்போது கத்துகிறது என்று கேட்கவில்லை, ஏசி என்ற வார்த்தையைக் கேட்டதும் கை நேராகக் கம்ப்ரஸருக்குப் போய்விட்டது. கழற்றி, வேறு கம்ப்ரஸர் மாட்டி, கேஸ் போட்டு, வண்டியை வெளியே எடுத்தால் அதே சத்தம். அந்த அம்மாவின் மகன், பத்து வயது இருக்கும், பின்சீட்டில் மல்லாந்து படுத்திருந்தான். ‘அங்கிள், லைட்டு கத்துது’ என்றான். கூரையில் இருக்கும் விளக்கைக் காட்டினான். நான் அவன் பக்கத்தில் போய் அந்த விளக்கில் காதை வைத்தேன். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

விளக்கு ஏன் கத்துகிறது என்று சொல்கிறேன். உங்கள் காரில் 22 டிகிரி என்று வைத்துவிட்டால் கார் தானாகவே அந்த அளவில் நிற்கப் பார்க்கும். அதற்குக் காருக்குள் இப்போது எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஒரு சின்ன சென்சார், மிளகு அளவுதான் இருக்கும். அது கூரை விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. விளக்கின் ஓரத்தில் சன்னமான துவாரங்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆனால் சென்சார் சும்மா உட்கார்ந்திருந்தால் கூரைக்கடியில் தேங்கி நிற்கும் காற்றைத்தான் அளக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக் காற்று அதற்குத் தெரியாது. அதனால் ஒரு சின்ன விசிறி எந்நேரமும் அந்தத் துவாரம் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். விளக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முன் கண்ணாடித் தூணுக்குள் இறங்கி டேஷ்போர்டுக்குள் போகிறது. அதன் முனையில்தான் அந்த விசிறி, பெரும்பாலும் கப்பிஹோலுக்குப் பின்னால். சத்தம் பிறப்பது கீழே, குழாய் வழியாக ஏறி விளக்கில் கேட்கிறது. நாதஸ்வரத்தில் ஊதுவது ஒரு முனை, ஒலி வருவது இன்னொரு முனை அல்லவா, அதுபோல.

இந்த விசிறி கட்டைவிரல் அளவு மோட்டார்தான். ஆனால் சாவியைத் திருப்பியது முதல் சாவியை எடுக்கும் வரை ஓடும். நீங்கள் ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. 1990லிருந்து இன்றுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே குண்டு பேரிங் கிடையாது. துளைத்துளையான வெண்கலத்தில் எண்ணெய் ஊறவைத்த ஒரு வளையம், அதற்குள் ஊசி மாதிரி ஒரு தண்டு. அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்து, சீட்டுத் துணியின் நூல்தூசி, தலைமுடி, சிகரெட் புகைப் பசை எல்லாம் உள்ளே சேர்ந்துவிட்டால் தண்டு வெண்கலத்தில் உரசும். அந்த உரசல்தான் கீச்சு. காலையில் மிச்சமிருக்கிற எண்ணெய் இறுகிக் கிடக்கும், அதனால் சத்தம் அதிகம். கொஞ்சம் சூடானதும் எண்ணெய் இளகும், சத்தம் குறையும். தட்டினால் தண்டு ஒரு இழை நகர்ந்து புது இடத்தில் உட்காரும், அதனால் அடங்கும். நீங்கள் எழுதிய மூன்று அடையாளமும் இதில் சரியாக உட்காருகிறது.

சரி, நான் சொல்வதை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் சத்தம் தொடங்குவதற்கு முன், கார் இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவை அணைத்துவிடுங்கள். சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்புங்கள், டேஷ்போர்டில் விளக்குகள் எரியும், என்ஜினை ஓட்டாதீர்கள். பின்பக்கம் ஒரு விநாடி ‘ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். அது பெட்ரோல் பம்ப், அழுத்தம் ஏற்றிக்கொண்டு தானாக நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இப்போது ஏசி பலகையில் சுழி போட்ட பட்டனை அமுக்குங்கள், காற்று நின்றுவிடும். கீச்சு இன்னும் கேட்கிறதா? கேட்டால் ஏசி காற்றை ஊதித் தள்ளும் பெரிய விசிறியான புளோவர் குற்றவாளி இல்லை, சின்ன விசிறிதான். காற்று நின்றதும் கீச்சும் நின்றுவிட்டதா? அப்போது பெரிய புளோவர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, ஒரு டிஷ்யூவை எடுத்து அதன் அடுக்கைப் பிரியுங்கள். ஒரே ஓர் அடுக்கு, மூச்சு விட்டால் பறக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதில் தபால்தலை அளவு கிழித்து, கூரை விளக்கின் துவாரத்துக்கு நேராகப் பிடியுங்கள். விசிறி நன்றாக இருந்தால் காகிதம் துவாரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. தளர்ந்த விசிறியென்றால் ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும். செத்த விசிறி என்றால் காகிதம் நேராக உங்கள் மடியில் விழும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் வைத்துச் சொல்வதைவிட இது எனக்கு நம்பிக்கையானது.

அப்புறம் கப்பிஹோலைக் கழற்றி, கூரையிலிருந்து தூண் வழியாக வரும் குழாயைக் கையாலேயே தடவிக்கொண்டு போங்கள். குழாய் எங்கே முடிகிறதோ அங்கே விசிறி. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் இணையத்தில் பார்க்கும் அமெரிக்கப் படங்களை நம்பித் தேடினால் நேரம் வீணாகும், குழாயை நம்புங்கள். விசிறியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சத்தம் இல்லையென்றால் வழக்கு முடிந்தது. பிடுங்கியபடியே இரண்டு நாள் ஓட்டலாம், கார் நிற்காது, ஏசியும் வேலை செய்யும். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் டர்பன் வெயிலில் நிறுத்திய காரில் கூரைக்கடியில்தான் சூடு அதிகம். விசிறி இழுக்காவிட்டால் சென்சார் அந்தச் சூட்டையே பார்த்துக்கொண்டு ‘இன்னும் குளிரவில்லை, இன்னும் குளிரவில்லை’ என்று சொல்லும். அம்மா பின்சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இனி, வைத்தியம். விசிறியை வெளியே எடுத்தால் பெரும்பாலும் ஒரு பஞ்சு உறைக்குள் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிர்வு டேஷ்போர்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். பழசாகி மாவாக உதிர்ந்திருந்தால் அதே கனத்தில் வேறு பஞ்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விசிறி இதழ்களில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி படிந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். இதழ்களில் ஒன்று உடைந்தாலும் சமநிலை போய் வேறு ஒரு சத்தம் ஆரம்பித்துவிடும், அதனால் அவசரப்படாதீர்கள்.

எண்ணெய்க்கு எங்கேயும் போக வேண்டாம். டர்பனில் நம் வீடுகள் பலவற்றில் துணி ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு அம்மாவோ பாட்டியோ இருப்பார்கள். அவர்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நீளமூக்கு வைத்த ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி இருக்கும். அந்த எண்ணெய் போதும். ஊசி முனையில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு, தண்டு வெண்கலத்துக்குள் நுழையும் இடத்தில் தொடுங்கள். சொட்டு அப்படியே நிற்காது, தண்டைச் சுற்றி ஒரு மின்னும் வளையமாக ஓடி உள்ளே மறையும். மறைவதைப் பார்க்க வேண்டும். மறைந்ததும் விரலால் இதழை நாலு சுற்று சுற்றி, இன்னொரு சொட்டு. இரண்டு முனையிலும் பேரிங் உண்டு, மறுமுனைக்கும் அதே மாதிரி. அதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் மோட்டாரின் கார்பனுக்குப் போய்விடும், பிறகு மோட்டாரே ஓடாது. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். அடித்ததும் சத்தம் நிற்கும், சந்தோஷமாக இருக்கும். அது மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய் ஆவியாகிவிடும். இரண்டு வாரத்தில் சத்தம் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

எண்ணெய் விட்ட விசிறி எத்தனை காலம் ஓடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தண்டு தேய்ந்து வளையம் நீள்வட்டமாகியிருந்தால் சில மாதம்தான், தேயாமல் எண்ணெய் மட்டும் காய்ந்திருந்தால் பல வருடம். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் வேறு விசிறி தேடத் தொடங்குங்கள். ஸ்க்ராப்யார்டில் தேடினால் அதே வகை காரிலிருந்து எடுக்கலாம், ஆனால் அதுவும் உங்களுடையதைப் போலவே வயசானதுதான். வாங்கும் முன் ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டு ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது பெரிய புளோவர். சுழி பட்டனை அமுக்கியதும் கீச்சு நின்றுவிட்டால், காற்றைக் கூட்டக் கூட்டக் கீச்சின் சுருதியும் ஏறினால், அதுதான் ஆள். இந்த மாடலில் புளோவர் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் இருக்கிறது. உங்கள் காரின் ஒற்றை வைப்பர் கண்ணாடியின் மூலை வரை எட்டிப் போய்த் துடைக்குமே, அந்த இயந்திரத்தை முழுசாகக் கழற்றினால்தான் புளோவர் கைக்கு எட்டும். ஒரு முழு மதியம் ஆகும். காரை மாமரத்தடியில் நிறுத்துகிற பழக்கம் இருந்தால் அங்கே இலைச் சருகு, பூக்காம்பு எல்லாம் குவிந்திருக்கும். சில நேரம் ஒரு காய்ந்த இலைக்காம்பு விசிறிக் கூண்டில் உரசுவதுதான் கீச்சாகக் கேட்கும். வெறும் இலைக்காகப் புது மோட்டார் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கழற்றியாகிவிட்டது என்றால் கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடுங்கள், பிரஷ் மட்டும் மாற்ற முடியும்.

பெரிய புளோவர் கீச்சிட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. சின்ன விசிறி கத்தினால் காது மட்டும்தான் வலிக்கும். பெரியது இறுகினால் மின்சாரத்தை அதிகமாக உறிஞ்சும், அந்தச் சுமை முழுக்க அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் விழும். ரெகுலேட்டர் கருகிவிட்டால் செலவு இரட்டிப்பு.

உங்கள் கடிதத்தில் கேஸ் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் முடிவு. ஆனால் படித்ததும் எனக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. 1990இல் கட்டிய கார் என்றால் அதில் ஆலையிலேயே போட்டது ஆர் 12 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்க அதை நிறுத்தினார்கள், அதன் இடத்துக்கு ஆர் 134ஏ வந்தது. புதிய கேஸ் போட்டதில் தவறில்லை. எப்படிப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. பழைய ஆர் 12 தன்னோடு மினரல் எண்ணெயைக் கலந்து கம்ப்ரஸருக்குச் சுமந்துகொண்டு வரும். ஆர் 134ஏ அந்த எண்ணெயோடு கலக்காது. கேஸ் மட்டும் சுற்றும், எண்ணெய் எங்கோ ஒரு மூலையில் தேங்கிக் கிடக்கும், கம்ப்ரஸர் காய்ந்து ஓடும். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு எஸ்டர் எண்ணெய் விட்டார்களா, ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினார்களா என்று அந்த இடத்தில் கேளுங்கள். ‘வெறும் கேஸ்தான் போட்டோம்’ என்று சொன்னால் தைப்பூசத்துக்கு முன்னாலேயே ஒரு நாள் ஒதுக்கி அதைச் சரியாகச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்று நல்லாயிருக்கிற கம்ப்ரஸர் அடுத்த கோடையில் நிஜமாகவே போய்விடும்.

அளவும் முக்கியம். ஆர் 12 எவ்வளவு போட வேண்டும் என்று பானட்டுக்கடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ஆர் 134ஏ அதே அளவு போடக் கூடாது, நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு போதும் என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. அதிகம் போட்டால் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸரைச் சுற்றப் பெல்ட் திணறும், அங்கே வேறு ஒரு கீச்சு பிறக்கும்.

அந்தப் பெல்ட் கீச்சை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கும் உதவும். என்ஜின் ஓடும்போது மட்டும் வரும். ரோபோட்டில், அதாவது சிக்னல் விளக்கில், நிற்கும்போது கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் ஏசி கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும், அந்த நொடியில் ‘கீர்ர்’ என்று கத்தி அடங்கும். ஈசி என்று எழுதிய பட்டனை அமுக்கிப் பாருங்கள். அது கம்ப்ரஸரை மட்டும் நிறுத்தும், காற்று வந்துகொண்டே இருக்கும். அமுக்கியதும் சத்தம் நின்றால் பெல்ட் வழுக்குகிறது அல்லது கம்ப்ரஸர் உள்ளே இறுகுகிறது. அமுக்கியும் நிற்காமல் என்ஜின் ஓடும்வரை கூடவே வந்தால் ஏதாவது ஒரு புல்லியின் பேரிங். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் புல்லி நிற்கும் உலோகத்தில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்தால் எந்தப் பேரிங் என்று தெரிந்துவிடும். முழுக்கைச் சட்டை, துண்டு, கழுத்துச் செயின் எதுவும் கூடாது. அதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெல்ட்டின் வரிகள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ச்சி. உங்கள் என்ஜினில் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரில் ஒரு ரப்பர் உண்டு. முப்பது வருடத்தில் அது வெடித்துவிடும், பிறகு எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் தளரும். பெல்ட்டை மாற்றியவர் அந்த ரப்பரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தக் காரின் ஏசியில் ஒரு காவல்காரன் உண்டு. கம்ப்ரஸரின் சுற்றையும் என்ஜினின் சுற்றையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு ரிலே. கம்ப்ரஸர் இறுகி, பெல்ட் வழுக்கி, இரண்டு சுற்றும் ஒத்துப்போகாவிட்டால் அது கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். என்ஜினை அணைத்து மறுபடி ஓட்டும்வரை குளிர்காற்று வராது. ஒரே பெல்ட்டில் தண்ணீர் பம்பும் ஓடுவதால், பெல்ட் அறுந்து நடுவழியில் என்ஜின் சூடாகிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. உங்கள் கம்ப்ரஸர் நிஜமாகவே போயிருந்தால் குளிர் விட்டு விட்டு நின்றிருக்கும். நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை. குளிர் நன்றாக வருகிறது என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

கீச்சாக இல்லாமல் ‘உஸ்ஸ்’ என்று காற்றுக் கசியும் சத்தம் டேஷ்போர்டுக்குப் பின்னால் கேட்டால் அது வேறு கதை. காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மடல்களைத் திருப்புவது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடம், அந்த ரப்பர் பைகளில் ஒன்று கிழிந்திருக்கும். உங்களுக்கு அது இல்லை, அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கேரேஜில் பேசும்போது ஒரு வார்த்தை. ‘ஏசி கத்துகிறது’ என்று சொல்லாதீர்கள். ‘என்ஜின் ஓடாதபோது, சாவி இரண்டாம் நிலையில், சுழி பட்டன் அமுக்கியிருக்கும்போது கத்துகிறது’ என்று சொல்லுங்கள். அவர்கள் கம்ப்ரஸர் என்று தொடங்கினால் அவர்களையே காருக்குள் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் அந்த நொடியிலேயே சிரித்துவிட்டுக் கப்பிஹோலைத் திறப்பார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் அப்பாவின் காரைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஓடும் இந்த மாடல்கள் இங்கேயே ஈஸ்ட் லண்டன் நகரின் மெர்சிடிஸ் ஆலையில் கட்டப்பட்டவை. அதே ஆலைத் தொழிலாளர்கள்தான் 1990இல், சிறையிலிருந்து வெளிவந்த மண்டேலாவுக்கு ஒரு கார் கட்டித்தர வேண்டும் என்று கேட்டு, கூலி வாங்காமல் கூடுதல் நேரம் வேலை செய்து சிவப்பு நிற 500 எஸ்இ ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு, அதே ஆலையில் பிறந்தது உங்கள் 300 ஈ. அந்தக் கைகள் முடுக்கிய திருகுகளை நான் கழற்றியிருக்கிறேன், ஒன்றுகூடக் கோணலாக ஏறியிருந்ததில்லை. இந்தக் காரைத் தேவையில்லாமல் பிரிக்க விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, விசிறியைத் திரும்ப மாட்டும்போது பலர் விடுகிற ஒரு தவறு. கூரையிலிருந்து வரும் குழாயை விசிறியோடு செருக மறந்துவிடுவார்கள். விசிறி சத்தமில்லாமல் ஓடும், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கும், சென்சாருக்கு ஒன்றும் போகாது. குழாயைச் செருகி, பஞ்சைச் சுற்றி, உரசாமல் வைத்து, கப்பிஹோலை மூடுவதற்கு முன் சாவியைத் திருப்பி, அந்த டிஷ்யூத் துண்டை மறுபடி கூரை விளக்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் கப்பிஹோலை மூடிவிட்டு அம்மாவை அழைத்து வாருங்கள்.